குணசேகரன் காமெடி பீஸா? பாதியில் சீரியல் பார்க்க வந்தவர்களோடு ஒரே வழக்கு

கட்டபெட்டு:
எங்கள் வீட்டு வழக்கு ஒன்றை இங்கே கொண்டுவந்து போடுகிறேன், தீர்ப்பு சொல்லுங்கள்.

மஞ்சூரிலிருந்து என் வீட்டுக்காரரின் அத்தை வந்திருக்கிறார். கண் ஆபரேஷன் முடிந்து எங்களோடுதான் தங்கல். டிவியை ரொம்ப நேரம் பார்க்காதீர்கள் என்று டாக்டர் சொன்னதை ‘அப்போ கொஞ்ச நேரம் பார்க்கலாம்’ என்று அவர் எடுத்துக்கொண்டார், அதை விடுங்கள். விஷயம் சன் டிவியின் எதிர்நீச்சல் சீரியல். அத்தை அதைத் தொடர்ச்சியாகப் பார்த்ததே கிடையாது. அவருக்குத் தெரிந்த எதிர்நீச்சல் எல்லாம் பேரன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய துண்டு வீடியோக்கள்தான். குணசேகரனாக நடித்த மாரிமுத்து ‘இந்தாம்மா ஏய்’ என்று கூப்பிடுவார், பின்னால் யாரோ ஒரு கானா பாட்டை ஒட்டியிருப்பார்கள், அதைப் பார்த்துப் பார்த்து அத்தைக்கு ஆதி குணசேகரன் என்றாலே சிரிப்பு வந்துவிடும். இங்கே வந்ததும் இரண்டாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் குணசேகரனாக வேல ராமமூர்த்தி. ‘இவரு யாரு, அந்தச் சிரிப்பு மனுஷன் எங்கே?’ என்று கேட்டார். அவர் 2023 செப்டம்பரிலேயே தவறிவிட்டார், இதே சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் மாரடைப்பு வந்தது என்று சொன்னேன். உச்சுக் கொட்டினார். அப்புறம், பழையதைப் போடு என்றார். சன் நெக்ஸ்ட் ஆப்பில் நடுவில் ஏதோ ஒரு எபிசோடைப் போட்டுக் கொடுத்தேன்.

அங்கே ஆரம்பித்தது சண்டை. குணசேகரன் ஹாலில் உட்கார்ந்து மனைவி ஈஸ்வரியை ஏசுகிறார், அத்தை குலுங்கிச் சிரிக்கிறார், பக்கத்தில் ப்ளஸ் டூ படிக்கும் என் மகள் தட்டைத் தரையில் டங்கென்று வைத்துவிட்டு எழுந்து போகிறாள். ‘பாட்டி, அந்தாள் வில்லன்!’ என்கிறாள் அவள். ‘வில்லனா? நாலு தம்பதியை ஒரே கூரையில் கட்டிக் காப்பாத்துற பெரியவர்டி’ என்கிறார் இவர். முதலிலிருந்து பார்த்த எனக்கு அந்த ஆளைப் பார்த்தால் வயிறு எரியும். படித்த பெண்களாகப் பார்த்து வீட்டுக்கு மருமகளாகக் கொண்டுவந்து, எல்லாரையும் அடுப்படியில் போட்டுப் பூட்டிய மனுஷன். இதைப் பாதியில் வந்தவருக்கு எப்படிப் புரியவைப்பது? தப்பாகப் புரிந்துகொள்வது பார்க்கிறவர் குற்றமா, எடுத்தவர்கள் குற்றமா?

நைட்ஷிப்ட் குன்னூர்:
அக்கா, முதல் தவறு பேரனுடையது. வாட்ஸ்அப்பைத் தடை செய்யுங்கள், வழக்கு முடிந்தது.

பூம்பாறைப் பூண்டு:
எங்கள் கொடைக்கானல் பக்கமும் இதே கதைதான், ஆனால் காரணம் வெறும் வாட்ஸ்அப் இல்லை என்பேன். மாரிமுத்து தேனி மாவட்டத்துக்காரர். மலையிலிருந்து இறங்கினால் தேனிப் பேச்சுதான் எங்கள் காதில் விழுகிற பேச்சு. பூண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு போனால் மண்டியில் தராசுப் பக்கம் நிற்கிறவர், பஸ்ஸில் முன்சீட்டுக்குச் சண்டை போடுகிறவர், எல்லாரும் அப்படித்தான் இழுத்துப் பேசுவார்கள். ‘இந்தாம்மா’ என்பது எங்களுக்கு வசவே இல்லை, கூப்பிடுகிற முறை. அந்தக் குரல் டிவியில் வந்ததும் இது நம்ம ஆள் என்று மனசு ஒட்டிக்கொள்கிறது. அதே வசனத்தைச் சென்னைப் பேச்சில் ஒரு கோட்டுப் போட்ட வில்லன் பேசியிருந்தால் உங்கள் அத்தை சிரித்திருக்க மாட்டார்.

அதனால் பாதியில் பார்த்தது ஒரு காரணம், பேச்சுவழக்கு இன்னொரு காரணம். முதல் எபிசோடிலிருந்து பார்த்த என் சித்தப்பாவே இன்றுவரை குணசேகரன் கட்சிதான்.

கட்டபெட்டு:
உங்கள் சித்தப்பாவையும் அத்தையையும் ஒரே ஹாலில் உட்கார வைக்க வேண்டும். நான் வீட்டை விட்டு இறங்கிவிடுவேன்.

தொரப்பள்ளி கேட்:
எனக்கு இந்தப் பிரச்சினை வேறு மாதிரி. நாங்கள் யாரும் பாதியில் ஆரம்பிக்கவில்லை, மழைதான் எங்களைப் பாதியில் இறக்கிவிடும். கூடலூர் மழை தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். ஜூனில் பிடித்தால் ஆகஸ்ட் வரைக்கும் விடாது. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் மரம் கம்பி மேல் விழும், கரண்டு போகும். கரண்டு இருந்தால் மழை வலுத்து டிஷ்ஷில் சிக்னல் போகும். இரண்டும் இருந்தால் செல்போன் டவர் படுத்துவிடும், ஆப்பிலும் பார்க்க முடியாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மாதிரி வருடம் என்றால் சீரியல் நினைப்பே வராது. சாதாரண வருடத்தில்கூட மழைக்காலத்தில் ஒரு சீரியலை இடைவெளி விடாமல் பார்த்தவர் எங்கள் தெருவில் கிடையாது.

முதல் பாகம் இரவு 9.30க்கு வரும். ஒரு மழையில் நாலைந்து நாள் ஒன்றுமே தெரியவில்லை. கரண்டு வந்து பார்த்தால் குணசேகரனின் தம்பி சக்தி தன் மனைவி ஜனனி பக்கம் நின்று பேசுகிறான். இவன் அண்ணன் சொன்னதற்குத் தலையாட்டுகிறவன் ஆயிற்றே, எப்போது மாறினான், எதற்கு மாறினான், ஒன்றும் தெரியாது. கேட்டால் பக்கத்து வீட்டுக்காரிக்கும் தெரியாது, அவளுக்கும் அதே கம்பிதானே. நாங்களாக ஒரு காரணம் கட்டிக்கொண்டோம், ஜனனியின் படிப்பைப் பார்த்து மாறியிருப்பான் என்று. ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம்.

என் வீட்டுக்காரர் நிலை இன்னும் மோசம். லாரி ஓட்டுகிறார். பந்திப்பூர் வழி இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6க்குத்தான் திறப்பார்கள், அந்த நேரத்துக்குள் காட்டைத் தாண்ட முடியாத நாட்களில் வண்டியை ஓரம்கட்டிவிட்டு எங்கே டிவி ஓடுகிறதோ அங்கே நிற்பார். வாரத்தில் ஒரு நாள் பார்ப்பார், அடுத்த நாள் எப்போது என்று தெரியாது. அவரைப் பொறுத்தவரை இன்னொரு மருமகள் நந்தினிதான் கதாநாயகி. ஏனென்றால் அவர் பார்க்கிற நாளில் எல்லாம் அடுப்படிக் காட்சிதான் ஓடுகிறது, அங்கே வாய் நந்தினியுடையது. ஜனனி என்று ஒருத்தி இருப்பதே அவருக்கு லேசாகத்தான் தெரியும்!

கட்டபெட்டு:
நந்தினி கதாநாயகி என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் சக்தி விஷயம் நல்ல உதாரணம். நல்லவனாக மாறிய பிறகு பார்த்தவர்களுக்கு அவன் ஆரம்பத்தில் ஜனனியை எப்படி நடத்தினான் என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ‘பாவம், சாதுவான பையன்’ என்று என் தோழி ஒருத்தி வாதாடினாள். அவள் பார்த்த சக்தி சாதுதான், அதில் பொய் இல்லை.

நைட்ஷிப்ட் குன்னூர்:
சரி, இப்போது கொஞ்சம் சீரியஸாக. ராத்திரி வேலை, பகலில் தூக்கம் வராது, அதனால் நான் வெளிநாட்டுத் தொடர்கள் எல்லாம் பார்க்கிற ஆள். பாதியில் நுழைகிறவன் எப்போதும் தப்பாகத்தான் புரிந்துகொள்வான் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு உதாரணம்.

கேம் ஆஃப் த்ரோன்ஸில் ஜேமி லானிஸ்டர் என்று ஒருத்தன். 2011இல் வந்த முதல் எபிசோடின் கடைசியில், தன் ரகசியத்தைப் பார்த்துவிட்டான் என்பதற்காக ஒரு சின்னப் பையனைக் கோபுர ஜன்னலிலிருந்து தள்ளிவிடுகிறான். தள்ளுகிறபோது முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. மூன்றாவது சீசனில் இவன் கைதி, வாள் பிடிக்கிற வலது கையை வெட்டிவிடுகிறார்கள். அப்புறம் ஒரு வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு, தான் ஏன் பழைய ராஜாவைக் கொன்றேன் என்று ஒரு பெண்ணிடம் சொல்கிறான். அந்தப் பைத்தியக்கார ராஜா ஊரையே தீவைத்துக் கொளுத்தப் பார்த்தான், அதைத் தடுக்கத்தான் கொன்றேன் என்கிறான். என் ரூம்மேட் அந்த சீசனில்தான் என்னோடு உட்கார்ந்தான். அவனுக்கு ஜேமி ஒரு தியாகி. பையனைத் தள்ளிய காட்சியைக் காட்டினால் ‘அது அப்போ’ என்கிறான். அதாவது பிந்தி வந்தவன் மன்னிப்பை வாங்கிக்கொண்டான், குற்றத்தை வாங்கவில்லை. உங்கள் அத்தை கேஸும் இதே ரகம்.

இப்போது இரண்டாவது. பிரேக்கிங் பேட். முதல் எபிசோடில் வால்டர் ஒயிட்டுக்கு 50வது பிறந்தநாள். கெமிஸ்ட்ரி வாத்தியார், சம்பளம் போதாமல் கார் கழுவுகிற இடத்திலும் வேலை பார்க்கிறார், நுரையீரலில் கேன்சர் என்று தெரிகிறது. பார்க்கிற நாம் அந்த நிமிஷமே அவர் தோளில் கைபோட்டுவிடுகிறோம். அதற்குப் பிறகு அவர் போதை மருந்து காய்ச்சினாலும் சரி, ஆளைக் கொன்றாலும் சரி, கை எடுக்க மனசு வராது. அவருடைய மனைவி ஸ்கைலர் ‘எங்கே போய்வருகிறாய்?’ என்று கேட்டால் நமக்குக் கோபம் அவள் மேல் வருகிறது. அந்தப் பாத்திரத்தை ரசிகர்கள் திட்டிய திட்டு எந்த அளவுக்குப் போனது என்றால், நடித்த அன்னா கன் 2013இல் நியூயார்க் டைம்ஸில் அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். என் அக்கா நாலாவது சீசனில் எதேச்சையாக உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு ‘இந்தப் பொம்பளை புருஷனைப் பார்த்து நடுங்குகிறாளே, ஏன்டா எல்லாரும் இவளைத் திட்டுறீங்க?’ என்று கேட்டாள். ஆரம்பத்திலிருந்து பார்த்த எங்கள் யாருக்கும் அது கண்ணில் படவில்லை, பாதியில் வந்தவளுக்குப் பட்டது.

அதனால் முதல் எபிசோடு என்பது தராசு இல்லை. யார் தோளில் கைபோட வேண்டும் என்று டைரக்டர் நமக்குச் சொல்லிக்கொடுக்கிற இடம். அங்கிருந்து வந்தவர்களும் ஒரு பக்கம் சாய்ந்துதான் வருகிறார்கள்.

லைன்வீடு:
தம்பி, எழுதியது எல்லாம் சரிதான், ஆனால் எதற்கெடுத்தாலும் வெள்ளைக்காரன் சீரியலா? அதே விஷயத்துக்கு நம்மிடம் மெட்டி ஒலி இருக்கிறது.

2002இல் மெட்டி ஒலி வந்தபோது எங்கள் தோட்டத்து லைன் வீடுகள் எல்லாவற்றிலும் டிவி கிடையாது. கலைஞர் கொடுத்த இலவச டிவி எல்லாம் அதற்கு அப்புறம்தானே வந்தது. டிவி இருக்கிற வீட்டு வாசலில் செருப்பு குவியும். இலை பறித்துவிட்டு வந்து, குளித்தும் குளிக்காமலும் அம்மா, பெரியம்மா, பக்கத்து வீட்டு ஆயா எல்லாரும் உட்காருவார்கள். அஞ்சு பெண்ணைப் பெற்ற சிதம்பரமாக டெல்லி குமார் வந்தால் அப்படியே அமைதியாகிவிடும். அந்த மனுஷன் தெய்வம். இரண்டாவது பெண் சரோவை அவள் புருஷன் மாணிக்கமும் அவன் அம்மாவும் படுத்துகிற பாட்டுக்கு, ‘அந்த அப்பன் முகத்துக்காகவாவது இவளை விட்டுவைங்கடா’ என்று ஆயா டிவியைப் பார்த்தே ஏசும்.

2020 லாக்டவுனில் மறுபடி போட்டார்களே, அப்போது என் தம்பி பொண்டாட்டி புதிதாக வீட்டுக்கு வந்தவள், நடுவில்தான் பார்க்க ஆரம்பித்தாள். அவளுக்கு சிதம்பரத்தைப் பிடிக்கவே இல்லை. ‘பொறுத்துப் போம்மா, பொறுத்துப் போம்மான்னு சொல்லியே பொண்ணை அடி வாங்க வைக்கிறாரே, இந்தாள்தான் முதல் குற்றவாளி’ என்று சொன்னாள். எங்கள் அம்மா அவளோடு ரெண்டு நாள் பேசவில்லை. சாமியைத் திட்டினது மாதிரி எடுத்துக்கொண்டார்.

இதில் யார் புரிந்துகொண்டது தப்பு? அவளுக்கு முன்கதை தெரியாதுதான். பெண்டாட்டி இல்லாமல் அஞ்சு பிள்ளைகளை அந்த ஆள் எப்படி வளர்த்தார் என்று அவள் பார்க்கவில்லை. ஆனால் சரோவின் கன்னத்தை அவள் பார்த்தாள். நாங்கள் 2002இல் சிதம்பரத்தின் கண்ணீரைத்தான் பார்த்தோம்.

நைட்ஷிப்ட் குன்னூர்:
அண்ணா, நீங்கள் சொன்னதுதான் நான் சொன்னதும். வெள்ளைக்காரனை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கட்டபெட்டு:
ஒன்று மட்டும் உறுத்துகிறது. லைன்வீடு அண்ணனின் தம்பி மனைவியும் நைட்ஷிப்ட் தம்பியின் அக்காவும் பாதியில் வந்து அடிபடுகிறவள் பக்கம் நின்றார்கள். எங்கள் அத்தை பாதியில் வந்து அடிக்கிறவர் பக்கம் நிற்கிறார். அப்படியென்றால் பாதியா முழுசா என்பது கணக்கே இல்லையே.

பந்தலூர் வாத்தியார்:
நான் செய்யாறுப் பக்கத்துக்காரன், வேலை நிமித்தம் இங்கே. இரவு எட்டு மணிக்கு மேல் யானை பயத்தில் வெளியே தலைகாட்ட முடியாத ஊரில் இருப்பதால் நானும் சீரியல் பார்க்கிறவன் ஆகிவிட்டேன், வெட்கமெல்லாம் இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கியார் கதை சொல்வார், இரவில் கூத்து. திரௌபதி துகில் உரிகிற கூத்து அன்று மேடையில் வருகிற கர்ணன் பார்க்கச் சகிக்காது. சபையில் ஒரு பெண்ணை இழுத்துவந்து நிறுத்தியிருக்கிறார்கள், இவன் கூட நின்று கேலி பேசுகிறான். அதே கர்ணனுக்கு, கர்ண மோட்சம் நடக்கிற இரவில் ஊரே அழும். அவன் பொன்னுருவியிடம் விடைபெறுகிற இடத்தில் எங்கள் பெரியப்பா துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொள்வார். துகில் பார்க்காமல் மோட்சத்துக்கு மட்டும் வருகிறவர்கள் எத்தனையோ பேர், அவர்களும் கர்ணனைத் தப்பாகப் புரிந்துகொண்டதில்லை. ஏனென்றால் கூத்துக்கு யாரும் பாதியில் வருவதில்லை. மைதானத்துக்கு வேண்டுமானால் பிந்தி வரலாம், கதை பிள்ளையிலிருந்தே காதில் இருக்கிறது. 1988இல் தூர்தர்ஷனில் மகாபாரதம் ஹிந்தியில் வந்தபோது எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் ஹிந்தி தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வாரம் விட்டுப்போனால்கூட யாரும் யாரிடமும் கதை கேட்டதில்லை.

தினசரி சீரியலில் அது நடக்காது. காரணம் எளிது. கதை முழுக்கத் தெரிந்தவர் யாருமே இல்லை, எழுதுகிறவர் உட்பட. வியாழக்கிழமை ரேட்டிங் வருகிறது, ஒரு பாத்திரம் எடுபட்டால் நீளும், எடுபடாவிட்டால் வெளிநாடு போய்விடும். குணசேகரன் வசனம் ஊரெல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு அவருக்கு இன்னும் நாலு வசனம் எழுதாமல் இருந்திருப்பார்களா? கட்டபெட்டு அம்மா ‘முதலிலிருந்து பார்த்தேன், எனக்குத்தான் தெரியும்’ என்கிறார்கள். அவர்கள் பார்த்த முதல் நூறு எபிசோடு குணசேகரனும், சிரிப்பு வீடியோவாகப் பரவிய குணசேகரனும் ஒரே எடையில் எழுதப்பட்ட ஆள் இல்லை என்பது என் அபிப்பிராயம். அத்தை பார்த்தது பிந்தைய ஆளை.

கட்டபெட்டு:
வாத்தியார் சார், ரொம்பப் பெரிய மனசோடு என் அத்தைக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். மகளிடம் படித்துக் காட்டினேன், ‘அந்த சாரும் குணசேகரன் கட்சியாம்மா?’ என்றாள்.

பந்தலூர் வாத்தியார்:
ஐயையோ, இல்லை. நான் அப்பத்தா கட்சி. சொத்தில் 40 சதவீதப் பங்கு கையில் இருக்கிற கிழவியைத் தவிர அந்த வீட்டில் வேறு யாரையும் நான் நம்பவில்லை.

பூம்பாறைப் பூண்டு:
வாத்தியார் எழுத்தைச் சொல்கிறார், நான் எடுக்கிற விதத்தைச் சொல்கிறேன். நம்ம சீரியல்கள் பாதியில் வருகிறவனுக்காகவே எடுக்கப்படுகின்றன. எப்போது போட்டாலும் அஞ்சு நிமிஷத்தில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று தெரிந்தாக வேண்டும், அதற்கு ஒரு பழைய முறை வைத்திருக்கிறார்கள். வில்லன் மாடிப்படியில் இறங்குவான், ஒரு தடதட இசை. மருமகள் முகம், மாமியார் முகம், நாத்தனார் முகம் என்று வரிசையாக க்ளோசப். முறைவைத்துக் கூப்பிட்டே பேசுவார்கள், ‘மூத்த மருமகளாகிய நீயே இப்படிப் பேசலாமா’ என்று. நிஜ வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? அது புதிதாக வந்து உட்கார்ந்தவனுக்குச் சொல்கிற சேதி. பத்திரிகைத் தொடர்கதையில் முன்கதைச் சுருக்கம் போடுவார்களே, அந்த வேலையை இங்கே இசையும் முறைப்பெயரும் செய்கின்றன.

எதிர்நீச்சலில் குணசேகரன் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். அவர் பாட்டுக்கு வேட்டியை மடித்துவிட்டுக்கொண்டு, காது குடைந்துகொண்டு, சாதாரணமாகப் பேசுவார். கத்தவேண்டிய இடத்தில் கத்த மாட்டார், ஒரு நக்கல் சிரிப்போடு நிறுத்திவிடுவார். பழைய வில்லன் அடையாளம் எதுவும் ஒட்டாது. கோலங்கள் சீரியலில் வந்த ஆதியை எந்த எபிசோடில் பார்த்தாலும் வில்லன் என்று தெரியும், அந்த உறுமலே போதும். இரண்டுமே திருச்செல்வம் எடுத்தவை, இரண்டு பேருக்குமே ஆதி என்று பெயர், கவனித்தீர்களா? ஆனால் இந்த ஆதி நம் தெருவில் திரிகிற ஆள் மாதிரி இருந்தார். அதுதான் அந்த நடிப்பின் வலு, பாதியில் வந்தவர்கள் வழுக்கி விழுந்ததும் அதனால்தான்.

வேல ராமமூர்த்தி வந்த பிறகு பார்க்க ஆரம்பித்த யாரும் குணசேகரனைப் பார்த்துச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் சும்மா நின்றாலே வீட்டில் பயம் தெரிகிறது. எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பையன் அப்போதுதான் ஆரம்பித்தான், ‘இந்த ஆளை வைத்து எப்படிண்ணே மீம்ஸ் போட்டாங்க?’ என்று நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டான்.

தொரப்பள்ளி கேட்:
அந்த மாற்றம் எங்களுக்கும் கஷ்டமாக இருந்தது. ஆனால் ஒன்று, ஜீவானந்தம் என்கிற பாத்திரம் முதலில் வந்தபோது தொடக்கத்திலிருந்து பார்த்த எங்களுக்கே ஆள் நல்லவனா கெட்டவனா என்று பிடிபடவில்லை. எங்கள் தெருவில் பந்தயமே நடந்தது. டைரக்டரே நடிக்கிறார், அப்படியானால் நல்லவனாகத்தான் இருக்கும் என்று என் கொழுந்தன் சொன்னான். கதையைப் பார்த்துச் சொன்னால் பரவாயில்லை, டைட்டில் கார்டைப் பார்த்துச் சொன்னான்!

கட்டபெட்டு:
புது நிலவரம். எல்லாரும் ஆளுக்கு ஒன்று சொன்னதில் நான் ஒரு வேலை செய்தேன். அத்தையை உட்காரவைத்து ஆதிரை கல்யாணத்தைப் போட்டுக் காட்டினேன். அருணை விரும்பிய தங்கைக்குக் கரிகாலனைக் கட்டிவைக்கிறாரே, அந்தப் பகுதி. முதலில் பார்த்தபோது நான் சோற்றில் கைவைக்கவில்லை. இதைப் பார்த்துமா சிரிப்பார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

ஆதிரை அழ அழ, அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரி, வேலை செய்கிறது என்று நினைத்தேன். அடுத்து கரிகாலன் ஒரு அசட்டுச் சிரிப்போடு ஏதோ பேசினான், அத்தை சிரித்துவிட்டார். மறுபடி ஆதிரை, மறுபடி முந்தானையை எடுத்துக் கண் ஓரத்தை ஒற்றுகிறார். மறுபடி கரிகாலன், மறுபடி சிரிப்பு. ‘பையன் கொஞ்சம் லூசு, ஆனா சிரிப்பா பேசுறான், போகப்போகச் சரியாகிடும்’ என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். என் மகள் அன்றைக்குத் தட்டை வைக்கவில்லை, ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். அத்தை மேல் இதில் என்ன குறை சொல்வது? அழவேண்டிய இடத்தில் அழுதார், சிரிக்கச் சொல்லிக் கரிகாலனை அனுப்பிய இடத்தில் சிரித்தார். ஒரு பெண்ணை அவள் விருப்பம் இல்லாமல் தாலி கட்டவைக்கிற காட்சிக்குள்ளேயே சிரிப்புக்கும் ஆள் வைத்தது எடுத்தவர்கள்தானே. வாட்ஸ்அப் பேரன் வெட்டி ஒட்டியதை விட இது பெரிய வெட்டு.

லைன்வீடு:
‘போகப்போகச் சரியாகிடும்’ என்பது சீரியல் பார்த்து வந்த வசனம் இல்லை அக்கா. அது எல்லா அத்தைகளிடமும் முதலிலேயே இருக்கிறது.

நைட்ஷிப்ட் குன்னூர்:
லைன்வீடு அண்ணன் சொன்னதோடு பாதி உடன்படுகிறேன். அத்தை எடுத்து வந்த கண்ணாடி அதுதான், சரி. ஆனால் சிரிப்புக்கு ஆள் வைத்ததைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். நிஜக் கல்யாண வீட்டிலும் பெண் அழுதுகொண்டிருக்கும்போது பந்தியில் யாரோ ஜோக் அடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். கரிகாலன் சிரிக்கச் சிரிக்க எனக்கு அந்தக் காட்சி இன்னும் கொடுமையாக இருந்தது. ஆதிரை காலம் முழுக்க இந்தச் சிரிப்போடு இருக்கவேண்டுமே என்று. ஆனால் அப்படித் தோன்ற வேண்டுமென்றால் ஆதிரையை நூறு எபிசோடாவது பார்த்திருக்க வேண்டும், அவள் அருணைப் பார்த்த முகம் ஞாபகத்தில் இருக்க வேண்டும். அத்தைக்கு ஆதிரை அன்று இரவுதான் அறிமுகம், கரிகாலனும் அன்றுதான் அறிமுகம், இரண்டு பேரும் அவருக்குச் சமம்.

கட்டபெட்டு:
இது எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு பேரும் அவருக்குச் சமம். மகளிடம் சொல்கிறேன், ஒத்துக்கொள்ள மாட்டாள்.

பூம்பாறைப் பூண்டு:
நைட்ஷிப்ட் தம்பி, பந்தியில் ஜோக் அடிக்கிறவனை யாரும் மாப்பிள்ளையாக உட்காரவைப்பதில்லை. அந்த இடத்தில் இசையையும் காமெடிக்கு மாற்றிப் போட்டிருந்தார்கள் என்றுதான் எனக்கு ஞாபகம். இது கொடுமையைக் கூட்ட வைத்த சிரிப்பு என்று நான் நம்பத் தயாரில்லை, வீட்டில் யாரும் எழுந்து போய்விடக் கூடாது என்று வைத்த சிரிப்பு.

புதுசு கோத்தகிரி:
எல்லாரும் மன்னிக்கவும், இழையை முழுக்கப் படிக்கவில்லை, கடைசிப் பக்கம் மட்டும்தான் பார்த்தேன். எதிர்நீச்சல் இரண்டாம் பாகம் வீட்டில் ஓடுகிறது. முதல் பாகம் பார்க்காமல் நேராக இதிலேயே ஆரம்பிக்கலாமா? குணசேகரன் என்பவர் நல்லவர்தானே, இங்கே எல்லாரும் சிரிப்பு சிரிப்பு என்று எழுதியிருக்கிறீர்களே?

நைட்ஷிப்ட் குன்னூர்:
கட்டபெட்டு அக்கா, இது உங்களுக்கு.

கட்டபெட்டு:
புதுசு, முதல் பாகம் 700 எபிசோடுக்கு மேல் இருக்கிறது, எல்லாவற்றையும் பார்க்கச் சொல்ல எனக்கு மனசில்லை. ஆரம்ப எபிசோடுகள் கொஞ்சமாவது பாருங்கள், ஜனனி கல்யாணம் ஆகி அந்த வீட்டுக்குள் நுழைகிற வரைக்கும். அப்புறம் ஆதிரை கல்யாணம். மாரிமுத்து இருந்த வரைக்கும் நடுநடுவே தள்ளிவிட்டுப் பாருங்கள். சன் நெக்ஸ்டில் எல்லாம் இருக்கிறது, ஆனால் மழை வருவதற்குள் பார்த்துவிடுங்கள், கோத்தகிரியில் எந்த நெட் என்று தெரியவில்லை, எங்களுக்கு இடி இடித்தால் போய்விடும். துண்டு வீடியோ மட்டும் வேண்டாம்.

புதுசு கோத்தகிரி:
சரிங்க அக்கா. ஒரு சந்தேகம், அந்த நந்தினி கடைசி வரைக்கும் வருகிறாரா? அவருக்காகத்தான் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

தொரப்பள்ளி கேட்:
வருகிறார், வருகிறார். என் வீட்டுக்காரரோடு சேர்ந்துகொள்ளுங்கள்.